வெள்ளிக்கிழமையானால் படுத்துவிடும் கணினி

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். ஆடிக் காற்று தூத்துக்குடியைப் புழுதியில் குளிப்பாட்டிக்கொண்டிருந்த மாதம். துறைமுகத்துக்கு அருகே சரக்குப் பெட்டிகளை அடுக்கி வைக்கும் ஒரு கன்டெய்னர் யார்டுக்கு எங்கள் சின்னக் கம்பெனிதான் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தது. எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொல்லி ஆபீசை மூடிவிட்டார்கள். மற்றவர்கள் அவரவர் ஊருக்குப் போய்விட, தூத்துக்குடியில் மிஞ்சியது நான் ஒருத்திதான்.

எனக்கு அப்பா அம்மா இல்லை. கல்யாணமும் ஆகவில்லை. ஏரல் பக்கம் கிராமத்தில் அண்ணன் குடும்பம் இருக்கிறது, பொங்கலுக்குப் போய் வருவேன். மற்றபடி மாடியில் ஒற்றை அறை, ஒரு மேசை, ஒரு லேப்டாப். காலையில் பால் பாக்கெட் வாங்கும்போது கடைக்காரரிடம் "ஒண்ணு" என்று சொல்வேன். சில நாட்களில் நான் வாய் திறந்து பேசிய ஒரே வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். பழகவெல்லாம் இல்லை.

டேட்டாபேஸிலிருந்து தகவல் தேடி எடுக்கும் கட்டளைக்குக் குவரி என்று பெயர்; மெதுவாக ஓடும் குவரிகளைக் கண்டுபிடித்து வேகமாக்குவது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

யார்டு கேட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். லாரி வந்ததும் கன்டெய்னர் எண்ணைத் தட்டுவார். வெளியே விடலாமா கூடாதா என்று திரை சொல்ல வேண்டும். அது சொல்ல நேரமாகிறது, லாரிகள் சாலை வரை வரிசை கட்டி நிற்கின்றன என்று புகார் வந்தது. நான் என் அறையில் இருந்தபடி உள்ளே நுழைந்து, அதே எண்ணைப் போட்டுப் பார்த்தேன். கண் இமைப்பதற்குள் பதில் வந்தது. போனில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"திங்கக்கெழம நல்லாத்தான் இருக்கும் மேடம். வியாழன், வெள்ளி ஆச்சுன்னா படுத்துரும்" என்றார்.

"கிழமை பார்த்து வேலை செய்ய கம்ப்யூட்டர் என்ன ஜோசியமா பார்க்குது?" என்று கேட்டேன். என் பேச்சை நானே ரசித்தேன்.

மறுநாள் அறிக்கை எழுதினேன். குவரி ஒரு நொடிக்குள் பதில் தருகிறது, தாமதத்துக்குக் காரணம் கேட்டில் இருப்பவரின் பழக்கக் குறைவு. அதை யார்டுக்கு அனுப்பிவிட்டு ரசம் வைக்கப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை அந்தப் பெண்ணே என்னைக் கூப்பிட்டார். நான் புகாருக்குத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் புகார் சொல்லவில்லை. "மேடம், ஒன்னாந்தேதில இருந்து வரவேண்டாமுன்னு சொல்லிட்டாவ. நான் தட்டுறதுல எங்கன தப்புன்னு சொன்னியள்னா திருத்திக்கிடுவேன். அவுக தங்கு கடலுக்குப் போயிருக்காவ, வர இன்னும் நாளாவும். வந்ததும் வேல போச்சுன்னு எப்படிச் சொல்ல?" என்றார். அவருக்கு ஊர் பக்கத்துத் தருவைகுளம். கணவர் ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கி மீன் பிடிக்கும் படகில் போகிறவர்.

என் அறிக்கைதான் அவர் வேலைக்கு உலை வைத்தது என்று எனக்குப் புரிந்தது. நாளைக்கு நேரில் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். வெள்ளிக்கிழமை பகல் பஸ் ஏறி யார்டுக்குப் போனேன். அந்த யார்டுக்கு மென்பொருள் எழுதிய நான்கூட அந்தக் கேட்டை பார்ப்பது அதுதான் முதல் முறை.

அவருக்கு என் வயதுதான் இருக்கும். தகரக் கூரை போட்ட சின்னக் கூண்டு, ஒரு மின்விசிறி, ஒரு கணினி. வெளியே உப்பளத்து வெயிலில் பதினைந்து டிரெய்லர் லாரிகள். அவர் எண்ணைத் தட்டினார். ஒரு எழுத்துப் பிழை இல்லை. என்னைவிட வேகமாகத் தட்டினார். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

ஒரு டிரைவர் கூண்டின் ஜன்னல் கம்பியைத் தட்டினார். "ஏளா, வெயில்ல நாங்க கருவாடா காயணுமா?"

"பொறுங்க அண்ணாச்சி, மேடமே நேர்ல வந்திருக்காவ."

எதற்கும் ஒருமுறை வெளியேறி மறுபடி லாகின் செய்யலாம் என்று நான் மவுஸில் கை வைத்தேன். அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்தார்.

"ஐயையோ, அத மூடிராதீங்க மேடம்! திரும்பத் தொறக்கணும்னா ஓடிபி சூப்பர்வைசர் போனுக்குத்தான் போவும். அவுக கப்பல்கிட்ட நிப்பாவ, போன எடுக்க மாட்டாவ. அதனால திங்கக்கெழம காலையில தொறந்தா சனிக்கெழம சாயந்தரந்தான் மூடுவோம். ஷிஃப்டு மாறுனா ஆள்தான் எந்திரிப்போம், இது தொறந்தே கெடக்கும்."

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நான் எழுதிய குவரி, கன்டெய்னர் எண்ணைக் கொடுத்ததும் அதன் விவரங்களை முதலில் ஒரு தற்காலிக டேபிளில், அதாவது பட்டியலில், எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு பெரிய டேபிள்களோடு ஒப்பிடும். அந்தத் தற்காலிக டேபிள் ஒருவர் லாகின் செய்தது முதல் வெளியேறும் வரை அவருக்கு மட்டுமே சொந்தம். அதில் என்ன கிடக்கிறது என்று வேறு யாருக்கும் தெரியாது. வெளியேறியதும் தானே துடைத்துக்கொள்ளும். அந்தத் தைரியத்தில், ஒரு லாரி போனதும் பழைய பதிவுகளை அழிக்கும் வேலையை நான் எழுதவே இல்லை. ஆறு நாள் வெளியேறாமல் யார் இருப்பார்கள்?

இங்கே இருந்தார்கள். திங்கட்கிழமை முதல் வந்த அத்தனை லாரியின் பதிவுகளும் அதில் குவிந்து கிடந்தன. டேட்டாபேஸோ, யாரும் சொல்லாததால் அது இன்னும் காலி என்றே நம்பி, அத்தனையையும் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தது. நான் என் அறையிலிருந்து நுழையும்போதெல்லாம் எனக்குப் புதிதாக ஒரு காலி டேபிள் கிடைத்தது. வேகமாக வராமல் என்ன செய்யும்?

டேபிளைக் காலி செய்ய ஒரு வரி. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று டேட்டாபேஸுக்குத் தெரியப்படுத்த ஒரு வரி. என் லேப்டாப்பை அங்கேயே திறந்து இரண்டே வரிதான் சேர்த்தேன். அரை மணி நேரத்தில் பதினைந்து டிரெய்லரும் போய்விட்டன.

என் மேலாளருக்குப் போன் செய்து, தவறு என்னுடையது என்று யார்டுக்கு எழுதப்போவதாகச் சொன்னேன். "அதெல்லாம் எதுக்கு? மென்பொருள் மேம்படுத்தப்பட்டதுன்னு ஒரு வரி போடுங்க, போதும்" என்றார். அப்படிப் போட்டால் என் மானம் தப்பும். பழைய அறிக்கை அப்படியே நிற்கும், இவர் வேலையும் போகும். எனக்குச் சபலம் தட்டியது என்பதை மறைக்கப் போவதில்லை.

போனை வைத்துத் திரும்பினால், அவர் டிபன் பாக்ஸைத் திறந்து, மூடியில் சோறும் சாளை மீன் குழம்பும் வைத்து என் பக்கம் தள்ளினார். "வீட்ல யாரு இருக்காவ மேடம்?" என்று கேட்டார். "நான் மட்டும்தான்" என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் இன்னொரு மீனை எடுத்து வைத்தார். ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். கண் நிறைந்துவிட்டது. கை சோற்றில் போகவில்லை.

"உங்க மேல தப்புன்னு எழுதிக் கொடுத்ததே நான்தான்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் மீனில் முள் எடுத்தபடியே சொன்னார். "தெரியும் மேடம். அந்த மெயில வாசிச்சுக் காட்டிட்டுத்தான் வரவேண்டாமுன்னாவ. எழுதுனது நீங்கன்னு தெரிஞ்சுதான் ஒங்களுக்குப் போன் போட்டேன். வேற யாருக்குப் போட? சாப்புடுங்க, மணி ரெண்டாச்சு."

அங்கே உட்கார்ந்தே, தவறு முழுவதும் என்னுடையது, முந்தைய அறிக்கையை ரத்து செய்கிறேன் என்று எழுதி அனுப்பினேன். மேலாளர் ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பெண் இன்றும் அதே கேட்டில் வேலை பார்க்கிறார்.

நானும் அதே மாடி அறையில்தான் இருக்கிறேன். தனிமை என்னை மட்டும் வாட்டுகிற சமாச்சாரம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். மனித முகமே பார்க்காமல் இருந்து இருந்து, முகம் தெரியாத ஒருத்தியின் சோற்றில் கூசாமல் மண்ணைப் போட்டேன் என்பதும், அது தெரிந்தே அவர் எனக்குச் சோறு வைத்தார் என்பதும் நினைவுக்கு வரும்போது, தனியாகச் சாப்பிடும் நான் இன்றைக்கும் எடுத்த கவளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.