அப்பா லாக் அவுட் செய்யாத மதியம்

எனக்குப் பயம் வருவதற்கு முன்னால் கோபம்தான் வரும். அன்றைக்கும் அப்படித்தான் வந்தது. வைட்ஃபீல்ட் ஆபீஸில் மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, நீலசந்திரா வீட்டில் டிவிக்குக் கீழே இருக்கும் எங்கள் சர்வருக்குள் நுழையப் பார்த்தேன். சர்வர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம், யாரோ கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர். அப்பாவின் எக்ஸ்ரேக்களை ஸ்கேன் செய்து அதில்தான் போட்டு வைத்திருந்தேன். சாயங்காலம் நெஞ்சு டாக்டரிடம் போக வேண்டும்; பழைய படங்களை முன்கூட்டியே அனுப்பச் சொல்லியிருந்தார். ஃபைல்களுக்கு வெறும் எண்தான் பெயர். கண்ணால் பார்த்தால்தான் எது எந்த வருஷத்துப் படம் என்று தெரியும். அதற்கு வீட்டுத் திரையையே என் லேப்டாப்பில் வரவழைத்தாக வேண்டும்.

பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டது. திரை கறுத்தது. நாலைந்து விநாடி அப்படியே நின்றுவிட்டுத் தானாக மூடிக்கொண்டது.

மறுபடி போட்டேன். மறுபடி கறுப்பு. எழுத்து மட்டும் வரும் டெர்மினல் வழியாக உள்ளே போக முடிந்தது, அதாவது மெஷின் உயிரோடுதான் இருக்கிறது. திரையை வரவழைக்கும் ரிமோட் சர்வீஸை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். போன வாரம் போட்ட அப்டேட்டை வாய்விட்டுத் திட்டினேன். மெஷின் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் லாக் ஃபைலைப் பக்கம் பக்கமாகப் படித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் பாவம், “ஊட்டா ஆய்த்தா?” என்று சாப்பாட்டைத்தான் விசாரித்தார். அவர் மேலும் எரிந்து விழுந்தேன்.

ஒரு மணி ஐந்துக்குத்தான் மண்டையில் உறைத்தது. ஒருவர் வீட்டுத் திரையில் உட்கார்ந்திருக்கும்போது அதே லாகின் பெயரில் வெளியிலிருந்து நுழைந்தால், வருகிறவருக்கு இந்தக் கறுப்புதான் கிடைக்கும். சர்வரில் அப்பாவுக்கும் எனக்கும் ஒரே லாகின் பெயர், ஒரே பாஸ்வேர்ட். அவர் காலையில் உட்கார்ந்து செய்தி படித்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு லாக் அவுட் செய்துவிடுவார், நான் அதற்குப் பிறகுதான் வருவேன். அதனால் இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட நாங்கள் மோதிக்கொண்டதில்லை.

உள்ளே யார் இருக்கிறார்கள் என்று டெர்மினலில் கேட்டேன். எங்கள் பெயர் வந்தது. மவுஸையோ கீபோர்டையோ கடைசியாகத் தொட்டு ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். இறங்கும்போது ஆளுக்கொரு நம்பர் டோக்கன் எடுத்துக்கொண்டு போவார்கள். மேலே வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஷிப்ட் முடிந்தும் ஒரு டோக்கன் வரவில்லை என்றால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான், தேடப் போக வேண்டும் என்று பொருள். அந்தப் பழக்கத்தில் அப்பா ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட லாக் அவுட் செய்துவிட்டுத்தான் எழுவார். அதற்காக அவரை நான் எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன்.

அப்பாவுக்கு போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. போன் சமையலறையில் சார்ஜில் கிடக்கும், எனக்குத் தெரியும். அவருடைய லாகினை ஒரே கட்டளையில் வெட்டிவிட்டு நான் உள்ளே போயிருக்கலாம். விரல் வரவில்லை. அடுத்தவர் டோக்கனில் கை வைக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். வெட்டிவிட்டால் அவர் இருப்பதற்கு என்னிடம் மிச்சமிருந்த ஒரே அடையாளமும் போய்விடும்.

டெர்மினலிலிருந்தே சத்தத்தை முழுதாக ஏற்றி, கையில் கிடைத்த ஒரு கல்யாண வீடியோவை ஓடவிட்டேன். பேண்டு வாத்தியம். தூங்கிப்போயிருந்தால் எழுந்துவிடுவார். பிறகு கீழ்வீட்டு அக்காவுக்கு போன் போட்டு, மேலே போய்ப் பார்க்கச் சொன்னேன். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டே படியேறினார்.

“கதவு உள்பக்கம் தாப்பா போட்டுக்கீதும்மா. ஒண்ணும் பயப்படாத. உங்கப்பா பாட்டு போட்டுனு ஜாலியா கீறாரு, தெரு முனை வரைக்கும் கேக்குது.”

“அக்கா, அதைப் போட்டது நான்! இங்கேருந்து நான்தான் போட்டேன்!”

அக்கா உடனே தெருவைப் பார்த்துக் கத்தினார். எதிர்க் கடை ஆட்கள் ஓடிவரும் சத்தமும், பேண்டு வாத்தியமும், கதவில் விழும் அடியும் போனில் ஒன்றாகக் கேட்டன. நான் டெர்மினலில் அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியாகத் தொட்டு ஒரு மணி நேரம் பதினெட்டு நிமிடம். பத்தொன்பது நிமிடம். கதவு இன்னும் திறக்கவில்லை. அப்போது எண் பூஜ்ஜியமானது.

யாரோ மவுஸைத் தொட்டிருக்கிறார்கள். உள்ளே இருப்பது ஒரே ஆள். ஆபீஸில் அத்தனை பேர் நடுவில் நான் ஓவென்று அழுதேன்.

கதவை உடைத்து அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூச்சுத் திணறல். சுரங்கத் தூசி படிந்த நெஞ்சு. இன்ஹேலர் உள்ளறையில் இருந்திருக்கிறது, நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை, கூப்பிடக் குரல் வரவில்லை. டாக்டர், இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று மட்டும் சொன்னார். எவ்வளவு தாமதம் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் காலையில் ஆக்சிஜன் மாஸ்க்கை எடுத்ததும் அப்பா மெதுவாகப் பேசினார். “மவுஸ் கைக்கிட்டதான் இருந்துது. லாக் அவுட் பண்ணிருக்கலாம். வேணும்னுதான் பண்ணல. சாப்பாட்டு நேரத்துல நீ வருவேன்னு தெரியும்.”

நான் தலையாட்டினேன்.

“பாத்ததும் புரிஞ்சுச்சா கண்ணு?”

“பாத்த உடனே புரிஞ்சுச்சுப்பா.”

“அதான். நீ உள்ள வரப் பாத்தா உடனே தெரிஞ்சுக்குவேன்னுதான் பயப்படாம உக்காந்துனு இருந்தேன்” என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். இருபத்தைந்து நிமிஷம் நான் ஒரு பழைய கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருந்ததை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.