ஜாமருக்கும் கொய்யா மரத்துக்கும் நடுவே

திருப்பதியில் ஒரு மொபைல் நெட்வொர்க் கம்பெனியில் நான் சேர்ந்த புதிது. வடமாலபேட்டைப் பக்கம் ஒரு தெருவில் மட்டும் போனுக்குச் சிக்னல் கிடைக்கவில்லை என்று புகார். புகார் கொடுத்த சுமதிக்கு நிறைமாதம்.

"அவரு ஷிப்டுக்குப் போய்க்கினு இருக்காரு மேடம். வலி வந்தா 108-க்கு எப்டி பேசுவேன்?" என்றாள்.

டவரில் பழுதில்லை. அலைகளை அளக்கும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் நாய்ஸ், அதாவது இடையூறு அலை, மட்டும் ஏறியிருந்தது. கை ஆன்டெனாவைச் சுற்றித் திருப்பினேன். பக்கத்து ஜூனியர் காலேஜ் ஹாஸ்டலை நோக்கியபோது அளவு உச்சத்துக்குப் போனது. சிக்னலை முடக்கும் ஜாமராக இருக்குமோ என்று சந்தேகம் வந்தது.

கேட்டில் வாட்ச்மேனிடம், "உள்ள ஜாமர் வெச்சிருக்காங்களா?" என்றேன்.

"ஜாமாவா? பின்னாடி இருக்குதும்மா. இன்னும் காய் வுடல."

தெலுங்கில் ஜாமா என்றால் கொய்யா. சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கும் நிலையில் நான் இல்லை.

உள்ளே போய்க் கேட்டதற்குப் பிரின்சிபால், "இங்க அதெல்லாம் கிடையாது. நீ டிப்ளமாவா?" என்றார்.

"பி.டெக். சார். எங்க வீட்ல பள்ளிக்கூடம் போன முதல் ஆளு நான்தான்."

பெருமையாகத்தான் சொன்னேன். ஆனாலும் பயம். தப்பாகப் பழி சொன்னால் வேலை போய்விடும். டீம் லீடரைக் கேட்கலாமென்றால் என் போனும் செத்துக் கிடந்தது.

பின்னால் வந்து நின்ற வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "சார், பசங்க போன் பேசக் கூடாதுன்னு மாடியில கருப்புப் பெட்டி மாட்டினீங்களே, அதைத்தான் கேக்குறாங்களோ?"

பிரின்சிபால் அவரை முறைத்தார். "அதுவா? நம்ம பில்டிங்கு, நம்ம கரண்ட்டு. என்ன தப்பு?"

"மத்திய அரசு அனுமதி இல்லாம வெச்சிருக்கிறதே குற்றம் சார். அது உங்க சுவரோட நிக்காது. அந்தப் பக்கம் ஒரு பொண்ணு நிறைமாசமா இருக்கா."

"சரி, ரிப்போர்ட் எழுதாம போனா ஆப் பண்றேன்."

பெட்டியில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை. ஒப்புக்கொண்டால் சுமதிக்கு உடனே சிக்னல் வரும். ஆனால் அடுத்த பரீட்சை வந்ததும் பெட்டி மறுபடி ஆன் ஆகும். அதற்குள் குழந்தை பிறந்திருக்குமா?

"எழுதுவேன் சார். நீங்க ஆப் பண்ணா அதையும் சேர்த்து எழுதுவேன்."

பிரின்சிபால் பெட்டியை ஆப் பண்ண வாட்ச்மேனை மாடிக்கு அனுப்பினார். சிக்னல் வந்து என் போன் அதிர்ந்தது. சுவருக்கு அப்பாலிருந்து சுமதியின் குரல்: "மேடம், அவருக்கு ரிங் போவுது!"

ரிப்போர்ட்டை அன்றே அனுப்பினேன். இப்போதெல்லாம் எந்த கேட்டிலும் ஜாமர் இருக்கிறதா என்று நான் கேட்பதில்லை. "மாடியில புதுசா என்ன மாட்டினாங்க அண்ணா?" என்றுதான் கேட்கிறேன்.