இடது கைப் பிரேக்

என் சைக்கிளில் இடது கைப் பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரம் நிற்கும். நம் ஊர் சைக்கிள்களில் இடது கைக்குப் பின்சக்கரம். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் அதை ஒரு மலைச்சரிவில் என் நண்பரிடம் ஓட்டக் கொடுத்தேன். அவர் விழுந்தார். விழுந்து கிடந்தவரிடம், தப்பு உங்கள் கையில்தான் என்று சொல்லி நம்பவைத்தேன்.

நான் கள்ளக்குறிச்சியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியன். அவருக்குக் கடைவீதியில் பாத்திரக்கடை. அவரை நான் பாய் என்பேன், அவர் என்னை சார் என்பார். இருவருக்கும் சர்க்கரை வியாதி. காலையில் நடக்கச் சொன்னார்கள். நடப்பது அலுத்துப்போய் சைக்கிளுக்கு வந்தோம்.

என் சைக்கிள் அமெரிக்காவிலிருந்து வந்தது. என் மகன் அங்கே ஓட்டிய மலைச் சைக்கிளைப் பிரித்துப் பெட்டியில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தான். "பிரேக் ஒயரை இடம் மாத்திப் போட்டுக்கோப்பா. அங்க இடது கைதான் முன்சக்கரம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். நான் மாற்றவில்லை. வெளிநாட்டுச் சைக்கிள் வெளிநாட்டுச் சைக்கிளாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன். நாலு பேர் விசாரிப்பார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

பாய் ஊரிலேயே ஒரு கியர் சைக்கிள் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மலையடிவாரத்து வடக்கனந்தல் வரை ஓட்டிப்போய், அங்கே ஒரு லோடு ஆட்டோ பிடித்து, இரண்டு சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலையில் கரியாலூர் வரை போவோம். அருவி பார்க்க வருகிறவர்கள் ஒரு பக்கம் போக, நாங்கள் மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே மண்பாதையில் இறங்குவோம்.

மலையில் சைக்கிள் ஓட்ட யோசனை கேட்டு இப்போதும் சிலர் என்னிடம் வருகிறார்கள். பாயிடம் சொன்னதைத்தான் அவர்களிடமும் சொல்கிறேன். தார் ரோட்டுக்கு வைக்கிற காற்றை மண்பாதைக்கு வைக்காதீர்கள்; டயரை விரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். இறங்குவதற்கு முன் சீட்டைத் தாழ்த்துங்கள். உட்கார்ந்து இறங்காதீர்கள், இரண்டு மிதியும் சமமாக இருக்க, எழுந்து நின்று உடம்பைப் பின்னால் தள்ளுங்கள். கல்லைப் பார்த்தால் கல்லில்தான் போய் ஏறுவீர்கள். போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். மேடு தொடங்கிய பிறகு கியர் மாற்றினால் செயின் கழன்றுகொள்ளும், முன்னாலேயே மாற்றுங்கள். வளைவுக்குள் பிரேக் பிடிக்காதீர்கள், வளைவுக்கு முன் பிடியுங்கள். செங்குத்தான இடத்தில் முன்பிரேக்கைத் திடீரென்று அழுத்தாதீர்கள், பின்பிரேக்கால் வேகத்தைக் குறையுங்கள்.

பாய் ஒவ்வொன்றையும் கேட்டு, அப்படியே செய்தார். சீக்கிரத்திலேயே என்னைவிட நன்றாக ஓட்டினார். ஷாக் அப்சர்பர் கூட இல்லாத சைக்கிளில், நான் இறங்கித் தள்ளும் இடங்களில் அவர் நின்றபடியே இறங்கிப் போய், கீழே கடுக்காய் மர நிழலில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருப்பார்.

"இன்னா சார், கல்லுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கினு வர்றீங்களா?" என்பார்.

நானும் சிரிப்பேன். ஆனால் அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் வராது.

அன்றைக்கு மழை விட்டு வெயில் வந்திருந்தது. இறங்கத் தொடங்கும் இடத்தில் அவர் கேட்டார்: "ஒரே ஒரு வாட்டி உங்க வண்டிய குடுங்க சார். அமெரிக்காக்காரன் எப்புடிதான் எறங்கறான்னு பாக்கறேன்."

கொடுத்தேன். பிரேக்கைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன் என்றால் அது பாதிதான் உண்மை. அவர் சைக்கிள் மீது காலைப் போட்டபோது நினைவு வந்தது. வாய் திறக்கவும் நேரம் இருந்தது. கொஞ்சம் தடுமாறட்டுமே, தானாகக் கண்டுபிடிக்கட்டுமே என்று நினைத்தேன். என் சைக்கிளிலும் அவர் என்னைவிட நன்றாக இறங்கிவிடுவாரோ என்ற பயம் எனக்கு இருந்தது.

கொஞ்ச தூரத்திலேயே மழைநீர் பாதையை அறுத்துப் பள்ளம் பண்ணியிருந்தது. பாய் எழுந்து நின்று, உடம்பைப் பின்னால் தள்ளி, நான் சொல்லிக் கொடுத்தபடியே பின்பிரேக்கைப் பிடித்தார். அதாவது இடது கையை இறுக்கினார். முன்சக்கரம் நின்றது. அவர் சைக்கிளுக்கு மேலாகப் போய் வலது தோள் கல்லில் பட விழுந்தார்.

நான் ஓடிப்போய்த் தலையைத் தூக்கியபோது அவர் கேட்டது இதுதான்: "இன்னா சார் ஆச்சு? நான் பின்பிரேக்குதானே புடிச்சேன்?"

"இல்ல பாய். பயத்துல முன்பிரேக்க அழுத்திட்டீங்க. நான் பின்னாலேர்ந்து பாத்தேனே."

அவர் தன் இடது கையைப் பார்த்தார்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அவர் மகன்களிடமும் அதையே சொன்னேன். மறுநாள் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து, ஸ்பேனரை எடுத்து, பிரேக் ஒயர்களை நானே இடம் மாற்றிப் போட்டேன். மகன் சொன்னபோது செய்யாத வேலை. இனி யார் வந்து பார்த்தாலும் அது ஊர் சைக்கிள்தான்.

முறிந்த தோள் எலும்பு கூடியது. வலது கையை மட்டும் முன்போல மேலே தூக்க முடியவில்லை. அது கூடப் பெரிதில்லை. தன் கை தன் பேச்சைக் கேட்கவில்லை என்று பாய் நம்பிவிட்டார். அவர் மகன்களும் நம்பினார்கள். ஸ்கூட்டர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடையில் மேல் அடுக்கிலிருந்து குடம் எடுக்கப் போனால், "நீங்க உக்காருங்க அத்தா" என்றார்கள். பிறகு கடைக்கு வருவதே வேண்டாம் என்றார்கள். டீக்கடையில் கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "நான் ஒண்ணு நெனைக்கறேன், கை வேற ஒண்ணு செய்யுது சார். எனக்கே என்மேல நம்பிக்கை கம்மியாயிடுச்சி."

"வயசாவுதில்ல பாய்" என்றேன். இதைச் சொன்னவனும் நான்தான்.

சில வருடங்கள் இப்படியே போயின. அவர் தெருவில் நடக்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். காலில் ஒரு குறையும் இல்லாத மனிதர். ஒருநாள் எதிரில் நின்று அதைப் பார்த்தேன். அன்று மாலையே ஒயர்களைப் பழையபடி மாற்றிப் போட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மகன்கள் இருவரும் இருந்தார்கள். எல்லோரையும் வாசலுக்கு வரச் சொல்லி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

மூத்தவன் சைக்கிளைப் பார்க்கவே இல்லை. "இப்ப சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? அத்தாவுக்கு வயசாயிடுச்சி. வுடுங்க."

பாய் படியிறங்கி வந்தார். இடது கையால் பிரேக்கை அழுத்தியபடி சைக்கிளை முன்னே தள்ளிப் பார்த்தார். முன்சக்கரம் நின்றுவிட, பின்சக்கரம் தூக்கிக்கொண்டது. விட்டு, திரும்பவும் அழுத்தினார். வெகுநேரம் அதையே செய்துகொண்டிருந்தார்.

"அப்ப நான் சரியாதான் புடிச்சிருக்கேன்."

"ஆமா பாய்."

"அப்பவே ஏன் சார் சொல்லல?"

"நீங்க என்னப் பத்தி இன்னா நெனப்பீங்களோன்னு..."

"நான் என்னப் பத்தி இன்னா நெனச்சிக்கினு இருந்தேன்? அது உங்களுக்குத் தெரியும் இல்ல?"

தெரியும் என்றேன்.

அவர் சைக்கிளில் ஏறப் போனார். இளையவன் பிடிக்க வந்தான், கையை உதறினார். காலைத் தூக்கிப் போட்டு, ஒரு மிதி மிதித்தார். சமதரையான சிமெண்ட் ரோடுதான். ஹேண்டில்பார் கைக்கு அடங்காமல், சைக்கிள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. காலை ஊன்றி நின்றுவிட்டார்.

"எனக்குப் புரிஞ்சிடுச்சி சார்" என்றார் என்னைப் பார்க்காமல். "கைக்குத்தான் புரியல."

சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அவருக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டேன். சில நாள் கழித்து இளையவன் அதைத் தள்ளிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

"அத்தா திருப்பிக் குடுத்துட்டு வரச் சொன்னாரு. பிரேக்க மாத்திட்டாரு. அவரே உக்காந்து மாத்தனாரு, எங்கள தொடவுடல. நாளைக்கு வேற யாராச்சும் ஓட்டுவாங்க இல்லியான்னு சொன்னாரு."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல சார்."

ஸ்கூட்டர் சாவி அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. நான் சொன்னதால் அந்த வீட்டில் எதுவும் மாறவில்லை. அவர் டீக்கடைக்கு வருவதுதான் நின்றுபோனது. இரண்டொரு முறை கடைவீதியில் எதிரே பார்த்தேன். சுவரைத் தொட்டுக்கொண்டு போனவர், என்னைக் கண்டதும் கையை எடுத்துவிட்டு, தொடாமலே சிரமப்பட்டு நடந்து, என்னைக் கடந்துபோனார்.

யோசனை கேட்டு வருகிறவர்களிடம் இப்போது இதைத்தான் முதலில் சொல்கிறேன்: அடுத்தவர் சைக்கிளில் ஏறும் முன் தள்ளிக்கொண்டே ஒரு கைப் பிரேக்கை மட்டும் அழுத்துங்கள், எந்தச் சக்கரம் நிற்கிறது என்று பாருங்கள். உங்கள் சைக்கிளைக் கொடுத்தால் அதை நீங்களே சொல்லிக் கொடுங்கள். இவ்வளவுதானா என்பது போல அவர்கள் தலையாட்டிவிட்டு, காற்றைப் பற்றியும் கியரைப் பற்றியும் கேட்கிறார்கள்.

என் சைக்கிள் கொல்லையில் நிற்கிறது. வலது கைக்கு முன்சக்கரம், இடது கைக்குப் பின்சக்கரம். நான் அதை ஓட்டுவதில்லை.