ரேங்க் கார்டு வாங்க வந்தவர்

அப்பா போய் நாற்பது நாளாகிறது. இன்னமும் வாசலில் யாராவது உரக்கப் பேசினால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். அவருக்கு மெதுவாகப் பேச வராது. சோமனூரில் வீட்டை ஒட்டியே எங்கள் விசைத்தறிக் கூடம். அந்தச் சத்தத்திலேயே கிடந்து காது மந்தமாகிவிட்டது. ரகசியம் சொல்கிறேன் பேர்வழி என்று அம்மாவிடம் குனிவார், எதிர்வீட்டிலிருந்து பதில் வரும். பஞ்சு ஆகாது என்று பிள்ளைகளை மட்டும் கூடத்துக்குள் விடவே மாட்டார்.

நாலாவதில் என்னைத் தூரத்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். எங்கள் வீட்டில் கார் இருப்பதாக அங்கே அளந்துவிட்டிருந்தேன். ரேங்க் கார்டு கொடுக்கும் நாளில் அம்மா வருவாள் என்று நம்பியிருந்தேன். வந்து நின்றதோ அப்பா. தலையெல்லாம் பஞ்சு, சட்டையில் எண்ணெய்க் கறை. தறியை நிறுத்திவிட்டு அப்படியே மொபெட்டில் ஏறியிருக்கிறார்.

"ஏனுங்க டீச்சர், நாலாவது இதுங்களா?"

கேட்டது எங்கள் டீச்சரைத்தான், எட்டிப் பார்த்தது மூன்று வகுப்புகள். பிள்ளைகள் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த சிநேகிதி, யார் இது என்று கண்ணாலேயே கேட்டாள். நான் சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து, "எங்கப்பா இல்ல, எங்க தறியில வேலை செய்யறவரு" என்றேன். அப்பா வாசலில் நின்று என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். காது கேட்கிறவர்களுக்கே கேட்காதது அவருக்கா கேட்கப்போகிறது என்ற தைரியம். பெரிய கெட்டிக்காரி நான்.

அப்பா தலையிலிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டார். டீச்சர் அவர் பக்கத்தில் போய், என்னைக் காட்டி, "நீங்கதான் அப்பாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. அவுங்க ஊட்டுல தறி ஓட்டறவனுங்க. கையெழுத்துப் போட நாளைக்கு அம்மா வருவாங்கன்னு சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க."

இங்கிலீஷ் கார்டில் கையெழுத்துப் போடக் கூச்சப்பட்டு அப்பா பொய் சொல்லித் தப்பித்துவிட்டார் என்று நினைத்தேன். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய்கூட வேண்டிக்கொண்டேன். அதன்பிறகு அவர் பள்ளிக்குள் காலெடுத்து வைக்கவே இல்லை. எனக்கும் அது சௌகரியமாகவே இருந்தது.

கருமாதியன்று, அப்பாவோடு இருபது வருடம் தறி ஓட்டிய அண்ணன் ஒருவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். பரிமாறிக்கொண்டே சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன், அந்தச் சத்தத்தில் நீங்கள் ரெண்டு பேரும் எப்படிப் பேசிக்கொள்வீர்கள் என்று.

"வாய்ச்சத்தம் எதுக்குங்க அம்மணி? கூடத்துக்குள்ள எல்லாரும் உதட்டைப் பாத்துத்தான் பேசிக்கறது. உங்கப்பாரு அதுல கில்லாடிங்க. நான் அந்தக் கோடியில முணுமுணுத்தாக்கூட இங்கிருந்தே கண்டுபோடுவாருங்க."

சாம்பார் வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டேன். அப்பா ஞாபகம் வந்துவிட்டது போல என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

ரேங்க் கார்டு கொடுத்த அன்று சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக அப்பாதான் வந்திருந்தார். மற்ற அப்பாக்களெல்லாம் கேட்டருகே நிற்க, அவர் மட்டும் ரெண்டு தெரு தள்ளி மொபெட்டோடு நின்றிருந்தார். தேடிக் கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்ததும் கத்தினேன்.

"ஏம்ப்பா இத்தன தூரத்துல நிக்கறீங்க? எனக்குக் கால் வலிக்குது."

"அங்க கூட்டமா இருக்குது கண்ணு" என்றார் அப்பா. அன்றைக்கு மட்டும் அதை அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.