திட்டில் கட்டிய வரப்பு

என் கணவருக்கு உப்பளத்தைத் தவிர வேறு எங்கேயும் கால் தரிக்காது. கல்யாண வீட்டில்கூடச் சாப்பிட்ட கை காய்வதற்குள் வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். அப்படிப்பட்டவரை டென்ட் போட்டுத் தங்க ஒரு தீவுக்குக் கிளப்பியது என் மகளின் சாமர்த்தியம்.

தீவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மரக்காணத்தில் எங்கள் உப்பளத்து வரப்பில் நின்றால், கழிவெளி ஏரித் தண்ணீருக்கு நடுவே ஒரு மேடு தெரியும். நாலைந்து பனைமரம், முட்புதர், நாரைக் கூட்டம், அவ்வளவுதான். திட்டு என்போம். பாதை கிடையாது, படகில்தான் போக வேண்டும். மகள் சின்னவளாக இருந்தபோது அதைக் காட்டி எப்போது போகலாம் என்று தினமும் கேட்பாள். அவரும் தினமும் போகலாம் என்பார். அதோடு சரி.

இப்போது அவள் நர்ஸ். பாண்டிச்சேரியில் வேலை பார்த்துக்கொண்டே ஜெர்மன் படித்தாள். ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, விசாவும் வந்துவிட்டது. மாதா கோவில் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவளுக்காக ஜெபித்தார். சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து வாழ்த்திவிட்டுப் போனார்கள். இவர் மட்டும் வாயே திறக்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பேச்சை எடுத்தாலே பாத்தி வேலை கிடக்கிறது என்று எழுந்து போய்விடுவார். நான் நயமாகச் சொல்லிப் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். கல்லில் மோதியதுதான் மிச்சம்.

மகள் என்னிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா வாயால சொல்லாம நான் ஃப்ளைட் ஏற மாட்டேம்மா."

அப்பாவின் பிடிவாதம் அப்படியே இவளுக்கு. போவதற்குள் ஒரு நாள் திட்டில் தங்க வேண்டும் என்று அவள் கேட்டது அதற்காகத்தான். அங்கே எழுந்து போய்விட அவருக்கு உப்பளம் கிடையாது அல்லவா?

குயிலாப்பாளையத்தில் நான் சமையல் பார்க்கும் கெஸ்ட் ஹவுஸில், யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன டென்ட் ஒன்று கிடந்தது. கேட்டு வாங்கி வந்தேன். மாசி மாதம். உப்பளத்தில் பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்தி முடித்திருந்தார்கள். தண்ணீர் பாய்ச்ச இன்னும் சில நாள் இருந்ததால் அவருக்குச் சாக்குச் சொல்ல வழியில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் தம்பி தன் படகில் எங்களை இறக்கிவிட்டு, பூசைக்கு முன்னால் காலையில் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிப் போனான். படகில் வரும்போது இவர் திரும்பித் திரும்பி எங்கள் உப்பளத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். தண்ணீரிலிருந்து பார்த்தால் இவ்வளவு சின்னதாகத் தெரிகிறதே என்று அவருக்கு வருத்தம்.

உப்புக் குவியலுக்குத் தார்ப்பாய் கட்டுவதுபோல டென்ட்டை இழுத்துக் கட்டினார். புயல் வந்தாலும் அசையாது. பொழுது சாய்கிற நேரத்தில் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. அந்தக் காலத்தில் வரக்கூடாத மழை. இவருக்கு வேகம் வந்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டாலேயே மண்ணை வெட்டி, டென்ட்டைச் சுற்றி நாலு பக்கமும் வரப்புப் போட ஆரம்பித்தார். வெளித்தண்ணீர் உள்ளே வராமலிருக்கவாம். மகளும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினாள். இரண்டு பேரும் குதிகாலால் மிதித்து மிதித்து, உள்ளங்கையால் தட்டித் தட்டி, மூலை பிசகாமல் கட்டினார்கள். கோவில் கட்டுகிறீர்களா டென்ட்டுக்கு வேலி கட்டுகிறீர்களா என்று நான் ஃப்ளாஸ்க் டீயைக் குடித்துக்கொண்டே கேட்டேன். காதில் வாங்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. மூவரும் உள்ளே போய் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் என் புடவை நனைந்தது, பிறகு பாய், பிறகு தலையணை. எட்டிப் பார்த்தால் வெளியே திட்டு முழுக்கத் தண்ணீர் வழிந்தோடிக் கழிவெளியில் இறங்குகிறது. எங்கள் வரப்புக்குள் மட்டும் நிற்கிறது. டென்ட்டின் மேல் விழுந்த மழை மொத்தமும் உள்ளேயே தேங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து தண்ணீரை நிறுத்தி வைக்கவே வரப்புக் கட்டின மனிதர். வேறு எதற்குக் கட்டத் தெரியும்?

அவர் மழையிலேயே இறங்கி வரப்பைச் சுற்றிப் பார்த்தார். மூலைகளைத் தடவினார். முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"ஒரு சொட்டு கசியலை, பாரு."

எனக்கு வந்த கோபத்துக்கு ஃப்ளாஸ்க்கைத் தூக்கி எறிந்திருப்பேன். மகள் தண்ணீரிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளைப் பார்த்து அவரும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. பிறகு ஒரு மூலையைக் காலால் உடைத்து மடை திறந்துவிட்டார். மழை விட்டதும் ஊறிப்போன புளிச்சோற்றையும் வறுத்த நெத்திலியையும் தின்றோம். ஜெர்மனியைப் பற்றி யாரும் பேசவில்லை. வந்த காரியம் கெட்டது என்றுதான் படுத்தேன்.

காலையில் வெயில் நன்றாக அடித்தது. தம்பியின் படகு தூரத்தில் வருவது தெரிந்தது. டென்ட்டைச் சுருட்டிப் பையில் திணிக்க அப்பாவும் மகளும் போராடிக்கொண்டிருந்தார்கள். அவர் முட்டியால் அழுத்திக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அங்க போயி எங்கனா டென்ட் போட்டீன்னா, வரப்பு மட்டும் கட்டிடாத."

அவள் கை நின்றுவிட்டது.

"எங்க போயிப்பா?"

"ஜெர்மனியிலதான். வேற எங்க? போயிட்டு வா."

அவள் பையின் ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்தாள், அது மூடவில்லை. அவரே வாங்கி மூடிக் கொடுத்தார்.

இதை அவர் சொல்ல வேண்டும் என்று மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொண்டவள் நான். சொன்னதும் எனக்குத்தான் தாங்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா இந்த மனிதர் என்று அழுதுகொண்டே படகில் ஏறினேன்.