ஒரு நாளைக்கு ஐந்து வார்த்தை

இந்த ஊரில் மழையைப் பார்த்து ‘வெட்’ என்கிறார்கள். ஈரம், அவ்வளவுதான். என் மேலதிகாரி மிஸ்டர் பார்ன்ஸ் காலையில் கோட்டை உதறிக்கொண்டே அதைச் சொல்வார், நான் ‘யெஸ்’ என்பேன், அன்றைய பேச்சு முடிந்துவிடும். எட்டு வருஷம், ஒரு நாளைக்கு ஐந்து வார்த்தை என்று டிக்‌ஷனரியை உருப்போட்டவன் நான். இங்கிலாந்துக்கு வந்து ஐந்து மாதமாகிறது. அந்த வார்த்தைகளில் ஒன்றை எடுத்துப் பேச இடமில்லை. எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

சங்கரன்கோவிலில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தபோது கதையே வேறு. சாயங்காலமானால் மனு எழுதச் சொல்லி ஆள் வந்துவிடும். ‘டிக்சனரி அண்ணாச்சி வீடு’ என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். ஒருமுறை மேலநீலிதநல்லூர்ப் பக்கமிருந்து ஒரு மிளகாய் விவசாயி வந்தார். மெயின் ரோட்டிலிருந்து அவர் ஊருக்குப் பிரிகிற விலக்கில் பஸ் நிற்பதில்லையாம். எழுதிய மனுவை வாசித்துக் காட்டினேன். அவருக்குத் திருப்தியில்லை.

“எனக்கே வெளங்குத வார்த்தை ரெண்டு கெடக்கே அண்ணாச்சி. அதையும் மாத்திப் போடுங்க. ஆபீசர் வாசிச்சுக் கொஞ்சம் தெகைக்கணும்லா.”

மாற்றிப் போட்டேன். ஒரே மாதத்தில் பஸ் நின்றது. பிறகு கேட்பானேன்? கனமான வார்த்தைதான் எதிராளிக்குச் செய்கிற மரியாதை என்றே நம்பிவிட்டேன். லேசான வார்த்தையில் எழுதுவது அதிகாரியை ‘ஏலே’ என்று கூப்பிடுவது மாதிரி.

இங்கே எனக்கு ஒரு பஸ் கம்பெனியில் வேலை. பயணிகளின் புகார்களுக்குப் பதில் எழுத வேண்டும். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். நிரந்தரமானால்தான் என் மனைவி எஸ்தரை அழைத்துக்கொள்ள முடியும். அவள் கடைசியாக எழுதியபோது விடாத காய்ச்சல் என்று எழுதியிருந்தாள். வீட்டில் ஃபோன் ஏது? இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திமூன்றாம் வருஷத்திலும் எங்களுக்குக் கடிதம்தான். அதனால் ஒவ்வொரு பதிலையும் உயிரைக் கொடுத்து எழுதினேன்.

மிஸஸ் ஹார்ட்லி என்று ஒரு வயதான அம்மாள். மழையில் கைகாட்டியும் பஸ் நிற்காமல் போகிறது என்று புகார் எழுதியிருந்தார். ஒன்றரைப் பக்கம் பதில் எழுதினேன். தவறு அறியாமல் நேர்ந்தது என்பதற்கு ‘இன்அட்வர்டன்ட்’. நிலைமையைச் சீராக்குவோம் என்பதற்கு ‘அமீலியரேட்’. குற்றத்தின் கனத்தைக் குறைக்கிற சூழ்நிலைக்கு ‘எக்ஸ்டென்யுவேட்டிங்’. சங்கரன்கோவிலாக இருந்தால் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார்கள்.

நாலாம் நாள் அந்த அம்மாள் நேரே வந்து நின்றார். கையில் என் கடிதம், மடித்து மடித்து நைந்துபோயிருந்தது. கோர்ட் நோட்டீஸ் என்று பயந்துவிட்டாராம். “நான் யார்மேலும் வழக்குப் போடவில்லையே,” என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம். அதை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

“சரி, பஸ் நிற்குமா நிற்காதா?”

ஒன்றரைப் பக்கத்தில் அதை நான் எழுதவே இல்லை. பார்ன்ஸ் எழுந்து வந்து, டிப்போவுக்கு ஃபோன் போட்டுப் பேசினார். பிறகு என்னிடம், “மன்னிக்கவும், இனி பஸ் நிற்கும். இதை எழுதிக் கொடு,” என்றார். எழுதினேன். நாலாங்கிளாஸ் பிள்ளை எழுதுகிற இங்கிலீஷ். அந்த அம்மாள் வாசித்துவிட்டு என் கையைத் தட்டிக்கொடுத்துப் போனார். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. இதற்கா எட்டு வருஷம்?

அதற்குப் பிறகு எல்லாப் பதிலும் இரண்டு வரிதான். போன மாதக் கடைசியில் பார்ன்ஸ், “யூ வில் டூ,” என்றார். பரவாயில்லை, நீ போதும் என்று அர்த்தம். வேலை நிரந்தரம். அன்றைக்கே எஸ்தருக்கு எழுதினேன்: காய்ச்சல் விட்டதா, புறப்பட்டு வருகிறாயா?

நேற்றுப் பதில் வந்தது. பிரித்தால், இங்கிலீஷ். அவள் எழுதிய முதல் இங்கிலீஷ் கடிதம். சீமையில் என் மானத்தை வாங்கக் கூடாது என்று, நான் விட்டுவந்த டிக்‌ஷனரியை எடுத்து, அவளும் ஒரு நாளைக்கு ஐந்து வார்த்தை படித்திருக்கிறாள். வாழ்வின் ஏற்ற இறக்கத்துக்கு ‘விசிஸிட்யூட்ஸ்’. நடுக்கத்துக்கு ‘ட்ரெபிடேஷன்’. எல்லாமே எனக்குத் தெரிந்த வார்த்தைகள். டிக்‌ஷனரியில் எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்வேன். ஆனால் காய்ச்சல் விட்டதா என்று தெரியவில்லை. வருகிறாளா என்றும் தெரியவில்லை. நாலு தடவை வாசித்தேன், மடித்து வைத்தேன், மறுபடி பிரித்தேன். என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

இன்று காலை வெளிநாட்டுக்கு எழுதுகிற ஏரோகிராம் தாள் வாங்கித் தமிழிலேயே எழுதினேன்: “ஏட்டி எஸ்தர், காச்சல் விட்டுட்டா? நீ வாரியா, வரலியா? அத மட்டும் எழுது.”

பஸ் ஸ்டாப்பை ஒட்டித்தான் தபால் பெட்டி. கடிதத்தைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றேன். நான் கைகாட்டாமலே ஒரு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பெண் எட்டிப்பார்த்து, “கமிங், லவ்?” என்றாள். இந்த ஊரில் முன்பின் தெரியாதவரையும் ‘லவ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாரியா என்றுதான் அவளும் கேட்டாள். ‘யெஸ்’ என்று ஏறிக்கொண்டேன்.