திறந்திருந்த ஒரே ஃபோல்டர்

இரண்டு வருடங்களுக்கு முன், திருபுவனையில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் நான் வேலை பார்த்தபோது நடந்தது. ஒரு சனிக்கிழமை காலை, எல்லா கம்ப்யூட்டர்களிலும் பழைய படிவங்களை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போட வேண்டியிருந்தது. மேசை மேசையாகப் போக எனக்குப் பொறுமை ஏது? ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, அட்மின் அதிகாரத்தோடு என் இடத்திலிருந்தே ஓடவிட்டேன். படிவங்கள் ஃபோல்டரில் இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுப் புதியதை நகலெடுக்க வேண்டும், அவ்வளவுதான். அட்மின் கட்டளை என்பதால் எந்தக் கம்ப்யூட்டரும் ‘அழிக்கவா?’ என்று கேட்கவில்லை. நான்கே நிமிடம். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் தரப் பிரிவில் ஒரே சத்தம். வில்லியனூர் பக்கத்திலிருந்து வரும் அக்கா ஒருவர் அழுதுகொண்டிருந்தார். தயாரித்த பாகங்களை அளந்து அவர் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்த மூன்று மாத அளவுகள் மொத்தமும் காணோம். திங்கட்கிழமை வாடிக்கையாளர் வந்து அதைத்தான் பார்க்கப்போகிறார்.

“கண்டதையும் அமுக்குனா இப்டிதான். வர்றவங்களுக்கு இன்னாத்த காட்டுவ? வேலைய வுட்டு நின்னுக்க” என்று மேலாளர் அவரைப் பார்த்துக் கத்தினார்.

அழித்தது என் ஸ்கிரிப்ட்தான் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படி நினைத்ததற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

“சார், அவங்க இல்ல. நான்தான் அழிச்சேன்” என்றேன். அதன்பின் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது.

“படிவம் வைக்கிற எடத்துல இத ஏன்க்கா வெச்சீங்க?” என்று பிறகு கேட்டேன்.

“நீதானப்பா மத்த ஃபோல்டரு எல்லாத்துக்கும் பூட்டு போட்ட? அது ஒண்ணுதான் தொறந்து இருந்துச்சி.”

உண்மைதான். பாதுகாப்பு என்று சொல்லிப் பூட்டியவன் நான். வெறும் படிவங்கள்தானே என்று அந்த ஃபோல்டருக்கு பேக்கப்பும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமைக்குள் திரும்பக் கொண்டுவந்தே தீருவது என்று உட்கார்ந்தேன். மெஷின் ஓட்டுபவர்கள் கையால் எழுதிய அளவுச் சீட்டுகள் கம்பியில் குத்தியபடி கிடந்தன. அக்கா படிக்கப் படிக்க நான் ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து நேராக வந்தவர், எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டுவந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று சாயங்காலம் கடைசிச் சீட்டையும் முடித்தோம்.

திங்கட்கிழமை வந்த வாடிக்கையாளர் இரண்டு பக்கம் புரட்டினார், தலையாட்டினார், போய்விட்டார். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

இப்போது வேறு இடத்தில் இருக்கிறேன். ஸ்கிரிப்டை ஓடவிடுவதற்கு முன், ஒவ்வொரு மேசைக்கும் நடந்துபோய், “இதுல என்ன வெச்சிருக்கீங்க?” என்று கேட்கிறேன். அன்று எந்தக் கம்ப்யூட்டரும் என்னிடம் கேட்காத கேள்வியை நானே கேட்டாக வேண்டும் என்பது, அந்த அக்காவின் கண்ணீரைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.